நாட்டு மாட்டுக்கு அம்மை அண்டாதா?

2022 ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் சித்தப்பா போன் செய்தார். காங்கேயத்துக்குத் தெற்கே அவருக்குத் தோட்டம். கட்டுத்தரையில் இரண்டு ஜெர்சிக் கலப்பு, ஒரு காங்கேயம், அப்புறம் ஒரு கிடாரி. போய்ப் பார்த்தபோது கலப்பு மாடுகளில் ஒன்றுக்குக் கழுத்திலிருந்து விலாவரை நெல்லிக்காய் நெல்லிக்காயாகப் புடைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். தோலுக்குள் காசை வைத்துத் தைத்த மாதிரி கெட்டி. முன்னங்காலில் நீர் கோத்து வீக்கம், கண்ணில் பீளை, மூக்கில் ஒழுக்கு. காலையில் ஐந்து லிட்டர் கறந்துகொண்டிருந்த மாடு ஒன்றரை லிட்டருக்கு வந்துவிட்டது.

அந்தப் பக்கம் காங்கேயம் சோளத்தட்டை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. மேலில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"பாத்தியா கண்ணு, நாட்டு மாட்டுக்கு இதெல்லாம் அண்டாது. சீமை மாடுதான் எதுக்கெடுத்தாலும் படுத்துக்குது" என்றார் சித்தப்பா.

அந்த வருஷம் சந்தையிலும் டீக்கடையிலும் வாட்ஸப்பிலும் இதே பேச்சுதான். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எதை எண்ணுகிறோம் என்று யோசிக்காமல் எண்ணியதால் வந்தது.

நோயின் பெயர் தோல் கழலை நோய். மாட்டுப் பெரியம்மை என்றும் சொல்கிறார்கள். ஆட்டம்மை, செம்மறி அம்மை வைரஸ்களின் நெருங்கிய பங்காளி இது. மனிதருக்கு ஒட்டாது. 1929இல் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜாம்பியாவில் முதலில் பார்த்தபோது ஏதோ விஷச்செடி தின்றுவிட்டது, இல்லையென்றால் பூச்சிக்கடி ஒவ்வாமை என்றுதான் நினைத்தார்கள். வைரஸ்தான் காரணம் என்று தெரிவதற்குள் தென்னாப்பிரிக்கா வரை போய்விட்டது. பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்காவுக்குள் சுற்றியது, எகிப்து, இஸ்ரேல், துருக்கி என்று மெல்ல வெளியே வந்து, 2019இல் வங்கதேசத்தையும் இந்தியாவையும் தொட்டது. இங்கே முதல் பதிவு ஒடிசாவில். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டிலும் இலங்கையின் வட மாகாணத்திலும் பார்த்தாயிற்று.

பரவுவது பெரும்பாலும் கடிக்கும் பூச்சிகளால். மாட்டை மொய்த்து ரத்தம் உறிஞ்சும் ஈ, கொசு, உண்ணி. கொசுவுக்குள் மலேரியா வளர்வதுபோல இந்த வைரஸ் பூச்சிக்குள் வளர வேண்டியதில்லை. ஒரு மாட்டைக் கடித்துப் பாதியில் விரட்டப்பட்ட ஈ, அழுக்கு வாயோடு பக்கத்து மாட்டில் போய் உட்கார்ந்தாலே போதும். எந்த இனத்துக்கு நோய் அதிகம் என்ற கேள்வியில் பாதி இந்த ஈயைப் பற்றிய கேள்விதான்.

இனவாரியாக எண்ணிப் பார்த்த கணக்குகளில் நன்றாகத் தெரிந்த ஒன்று எத்தியோப்பியாவிலிருந்து 2011இல் வந்தது. ஹோல்ஸ்டைன் ஃப்ரீஷியன் என்ற கறுப்பு வெள்ளைச் சீமை மாடுகளிலும் அவற்றின் கலப்பிலும் ஓராண்டில் நோய் கண்டவை 33.93 சதவீதம். அந்நாட்டுத் திமில் மாடுகளில் 13.41. சாவுக் கணக்கில் இடைவெளி இன்னும் பெரிது: கலப்பில் 7.43 சதவீதம், நாட்டு மாட்டில் 1.25. பால், உழவு, சாவு, மருந்து எல்லாம் சேர்த்து ஒரு தலைக்கு வருஷ நட்டம் நாட்டு மாட்டில் ஆறரை டாலருக்குக் கொஞ்சம் குறைவு, கலப்பு மாட்டில் 58 டாலர்.

சித்தப்பா சொன்னதற்குச் சாட்சி கிடைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் 13 சதவீதம் என்பது அண்டாது என்பதற்கு ரொம்பத் தூரம். ஏழு நாட்டு மாடு வைத்திருந்தால் ஒன்றுக்கு வரும் என்று அர்த்தம். கலப்பில் அது மூன்றுக்கு ஒன்று.

அந்தக் கணக்கில் நோய் கண்டது என்றால் என்ன? பெரும்பாலான கள ஆய்வுகளில் கட்டி தெரிந்த மாடு என்றுதான் பொருள். வைரஸ் உள்ளே புகுந்த மாடெல்லாம் கட்டி காட்டுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே வைரஸை ஒரே அளவில் ஊசி மூலம் ஏற்றிய மாடுகளிலேயே ஏறத்தாழ பாதிக்குத்தான் உடம்பு முழுக்கக் கட்டி வருகிறது. மற்றவை ஊசி போட்ட இடத்தில் கொஞ்சம் வீங்கி, இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும். சிலவற்றில் அதுவும் இருக்காது. அப்படி ஒன்றும் தெரியாத மாட்டின் ரத்தத்திலும் சில நாள் வைரஸ் ஓடலாம், ஈ அதை அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியும்.

சரி, ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்றால், அதிலும் சிக்கல். அம்மை வகை வைரஸ்களுக்கு எதிராக மாட்டின் உடம்பு செய்யும் சண்டையில் பெரும் பங்கு வெள்ளணுக்கள் நேரடியாகச் செய்வது. ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளின் அளவு லேசாக நோய் வந்துபோன மாட்டில் பரிசோதனைக்கே சிக்காத அளவுக்கு இருக்கலாம். மறுபக்கம், தடுப்பூசி போட்ட மாட்டிலும் எதிர்ப்பொருள் இருக்கும். இது ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று வழக்கமான சோதனை பிரித்துச் சொல்லாது. ஆக, இந்த இனத்தில் இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால், கட்டியை எண்ணினார்களா, எதிர்ப்பொருளை எண்ணினார்களா, வைரஸின் மரபணுவைத் தேடினார்களா என்று கேட்காமல் அந்த எண்ணை வாங்கக் கூடாது. மூன்றும் மூன்று விடை தரும்.

சித்தப்பாவின் காங்கேயத்துக்கு நோய் வரவில்லை என்பதுகூட நமக்குத் தெரியாது. கட்டி வரவில்லை, அவ்வளவுதான். யாரும் ரத்தம் எடுக்கவில்லை.

இன்னொரு சின்னக் கணக்கு, ரொம்பப் பேர் சறுக்கும் இடம். ஓர் ஊரில் பத்து மாடு நோயில் செத்தது, அதில் எட்டு கலப்பு என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் கலப்பு மாடுதான் பாவம் என்று தோன்றும். அந்த ஊரில் இருக்கிற மாடுகளே பத்துக்கு எட்டு கலப்பாக இருந்தால்? அப்போது இரண்டு இனமும் ஒரே வேகத்தில் செத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் நிலைமை கிட்டத்தட்ட இதுதான்: 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் மாடுகள் 95 லட்சத்துச் சொச்சம், அவற்றில் பெரும்பகுதி கலப்பினம். இங்கே எந்த நோய் வந்தாலும் செத்த மாடுகளின் பட்டியலில் கலப்பு முன்னால் நிற்கும்.

அப்புறம் கட்டும் இடம். சித்தப்பாவின் காங்கேயம் பகல் முழுக்கக் கொரங்காட்டில் மேய்கிறது. கிளுவை வேலி போட்ட மேட்டு நிலம், கொழுக்கட்டைப் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம். காற்று வீசும், தரை காய்ந்திருக்கும். கலப்பு மாடு இரண்டும் வீட்டுப் பக்கம், குப்பைக்குழியிலிருந்து பதினைந்தடியில், பகலும் இரவும் கட்டிலேயே இருக்கின்றன. ஈரச் சாணமும் ஊறிப்போன தட்டும் கலந்து கிடக்கும் இடம்தான் அந்த ரத்தம் குடிக்கும் ஈக்கு முட்டையிட வாகான இடம். ஆய்வு நோட்டில் இந்த வேறுபாடு காங்கேயம், ஜெர்சிக் கலப்பு என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடும். குப்பைக்குழி எழுதப்படாது. இதற்கு நேர் எதிராகவும் நடக்கும்: பொது மேய்ச்சலிலும் ஒரே குட்டையில் தண்ணீர் குடிப்பதிலும் பல பட்டி மாடுகள் கலப்பதால், சில ஊர்களில் நாட்டு மாடுதான் நோயை முதலில் வாங்கிக்கொண்டு வரும்.

பாலும் இதில் சேரும். கன்று போட்டு ஒரு மாதம் ஆன கறவை, தின்பதைவிட அதிகமாகப் பாலில் கொட்டுகிறது. உடம்பில் இருந்த கொழுப்பு கரையும், எதிர்ப்புச் சக்தி தாழும். நாளுக்குப் பதினைந்து லிட்டர் கறக்கும் மாட்டையும் கன்றுக்குப் போக ஒன்றரை லிட்டர் கொடுக்கும் மாட்டையும் பக்கத்தில் நிறுத்தி நோயை ஒப்பிடும்போது, இனத்தை ஒப்பிடுகிறோமா கறவையை ஒப்பிடுகிறோமா என்று பிரிப்பது லேசில்லை.

இதையெல்லாம் கழித்துவிட்டால் இனத்துக்கென்று ஒன்றும் மிஞ்சாதா என்றால், மிஞ்சும். கொரங்காட்டில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். காங்கேயத்தின் முதுகில் ஈ உட்கார்ந்ததும், உட்கார்ந்த இடம் மட்டும் சட்டென்று சிலிர்க்கும், ஈ பறந்துவிடும். தோலுக்கு அடியில் இருக்கும் தசைத் தகட்டின் வேலை அது. எல்லா மாட்டுக்கும் அது உண்டு என்றாலும் திமில் மாட்டில் தோல் தளர்வு, தசை சுறுசுறுப்பு, முடி குட்டை, வழவழப்பு. உண்ணியைத் தாங்கும் திறன் திமில் மாடுகளுக்கு அதிகம் என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து பிரேசில் வரை பலமுறை பார்த்து உறுதியான விஷயம். ஐரோப்பியக் கறவை இனங்களை, குறிப்பாக ஜெர்சி போன்ற மெல்லிய தோல் மாடுகளை, தோல் கழலை கடுமையாகத் தாக்கும் என்று கால்நடை மருத்துவப் பாடங்களும் சொல்கின்றன. எருமை இன்னும் ஒரு படி மேலே: எகிப்தில் மாடுகளை வாட்டியெடுத்தபோது பக்கத்திலேயே இருந்த எருமைகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் கட்டி வந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு நாட்டு மாட்டை நம்பி உட்கார்ந்தவர்களுக்கு 2022 ஒரு அடி கொடுத்தது. அந்தக் கோடையில் கச்சுப் பகுதியில் கிளம்பிய நோய் குஜராத்தைத் தாண்டி ராஜஸ்தானுக்குள் போனது. அங்கே ஜெர்சி எங்கே இருக்கிறது? பிகானேர் பக்கத்து ராட்டி, தார்பார்க்கர், நாகோரி, காங்கிரேஜ், கிர். எல்லாம் பெயர் பெற்ற நாட்டினங்கள், எல்லாம் திமில் மாடுகள். ஊருக்கு வெளியே செத்த மாடுகள் குவிந்து கிடந்த படங்களை அப்போது எல்லாரும் பார்த்தோம். நாடு முழுவதும் அந்த ஆண்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மாடுகள் போயின, அதில் பெரும் பங்கு ராஜஸ்தானுடையது.

மூன்றே வருஷம் முன்னால் ஒடிசாவில் இதே நோயைக் கணக்கெடுத்தபோது, பார்த்த 2,539 மாடுகளில் 182க்கு நோய் இருந்தது, ஒன்றுகூடச் சாகவில்லை. அதே திமில் மாடுதான், அதே நோய்தான். மாறியது என்ன?

வைரஸே மாறியிருந்தது என்பது ஒரு விடை. 2022இல் குஜராத், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களில் எடுத்த மாதிரிகளைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மரபணு வரிசைப்படுத்திப் பார்த்தபோது இரண்டு வகை சுற்றுவது தெரிந்தது. ஒன்று 2019இன் ராஞ்சி, 2020இன் ஐதராபாத் வைரஸ்களை ஒத்தது. இன்னொன்று நிறைய மாற்றங்களோடு, 2015இல் ரஷ்யாவில் பரவியதை ஒத்திருந்தது. அப்புறம், ராஜஸ்தானில் மாடுகள் இருந்த நிலை. கறவை வற்றியதும் அவிழ்த்துவிட்ட மாடுகள் தெருவில் திரிந்தன. கோசாலைகளில் நூற்றுக்கணக்கில் நெருக்கி அடைத்திருந்தார்கள், தீவனம் போதவில்லை. அதற்கு முன் இந்த வைரஸைப் பார்த்தே இராத மந்தை. தடுப்பூசியும் முன்கூட்டிப் போடவில்லை. ஹிசார், இஸ்ஸத்நகர் கால்நடை ஆய்வு நிலையங்கள் சேர்ந்து ராஞ்சி வைரஸிலிருந்து உருவாக்கிய லம்பி-புரோவாக் தடுப்பூசியை 2022 ஆகஸ்ட் 10 அன்றுதான் அறிவித்தார்கள். அதுவரையும் அதற்குப் பின்னும் கைகொடுத்தது பங்காளி நோயான ஆட்டம்மைக்கான ஊசிதான். ஆக, ஒடிசாவின் பூஜ்யத்தையும் ராஜஸ்தானின் குவியலையும் பக்கம் பக்கமாக வைத்து இனத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது. இனம் ஒன்று, மற்றதெல்லாம் வேறு.

இனம் மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருந்த ஒரு சந்தர்ப்பம் வரலாற்றில் உண்டு. அது வேறு நோயில். நம் பாட்டன் காலத்து ஆட்கள் வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோயைச் சொன்னால் இன்னும் முகம் சுளிப்பார்கள். 1890களில் ஆப்பிரிக்காவுக்குள் போன வெக்கை அங்கிருந்த மாடுகளில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் தின்றது என்பார்கள். இந்தியச் சமவெளி மாடுகளோ பல தலைமுறையாக அதோடு வாழ்ந்து ஓரளவு தாங்கப் பழகியிருந்தன. 1920களில் இமயமலைப் பகுதியில் உள்ள முக்தேஸ்வர் ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் வெக்கை வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு ஏற்றி ஏற்றி வீரியத்தைக் குறைத்தார். அந்த வைரஸையே தடுப்பூசியாகப் போட்டபோது சமவெளி மாடுகள் கொஞ்சம் காய்ச்சலோடு எழுந்துகொண்டன. அதே மருந்து ஐரோப்பிய மாடுகளுக்கு ஆபத்தாக முடிந்தது. ஆப்பிரிக்காவின் அங்கோலே போன்ற இனங்களும் தாங்கவில்லை. ஒரே குப்பி, ஒரே ஊசி, மாடு மட்டும் வேறு. இனம் என்பது வெறும் பேச்சில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. பிறகு கென்யாவில் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசி எல்லா இனத்துக்கும் ஒத்துக்கொண்டது, வெக்கையை உலகத்தை விட்டே விரட்ட முடிந்தது. இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல், நம் வட ஆற்காட்டுப் பக்கம். 2011இல் உலகமே வெக்கை ஒழிந்ததாக அறிவித்தது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பது மாட்டு லுகேமியா வைரஸ். புகுந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. ஆனால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான மாடுகளில்தான் புற்றாக வெடிக்கும். அமெரிக்காவில் 2007இல் பால்பண்ணைகளின் தொட்டிப் பாலைச் சோதித்தபோது 84 சதவீதப் பண்ணைகளில் இருந்தது. 1997இல் இறைச்சி மாட்டுப் பண்ணைகளைப் பார்த்தபோது 38 சதவீதத்தில். ஜப்பானில் 2009-2011 கணக்கில் கறவை மாடுகளில் 40.9 சதவீதம், இறைச்சிக்கான தாய் மாடுகளில் 28.7. இரண்டு நாட்டிலும் கறவை முன்னால். அப்படியானால் ஹோல்ஸ்டைனுக்கு இந்த வைரஸ் பிடிக்குமோ?

டென்மார்க்குக்கும் பிரிட்டனுக்கும் போய்ப் பாருங்கள். அங்கேயும் அதே கறுப்பு வெள்ளை மாடுதான். சோதித்து, நோயுள்ளதை அப்புறப்படுத்தி, வைரஸ் இல்லாத நாடு என்று பெயர் வாங்கி வருஷங்கள் ஆகின்றன. இந்த வைரஸ் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுவோடு போகும். ஒரே ஊசியைப் பல மாட்டுக்குப் போடுவது, கொம்பு வெட்டும் கத்தியைக் கழுவாமல் அடுத்த கன்றுக்கு எடுப்பது, சினை பார்க்கும் நீளக் கையுறையை மாற்றாமல் வரிசையாகப் போவது எல்லாம் அதற்கு வழி. கறவை மாட்டைத்தான் மனிதக் கை அடிக்கடி தொடுகிறது. 84க்கும் 38க்கும் இடையிலான தூரத்தில் பெரும்பகுதி அந்தக் கையின் தூரம்.

இன்னொன்றும் இந்த வைரஸில் தெரிந்தது. மாட்டின் எதிர்ப்பு மரபணுக்களில் ஒரு குறிப்பிட்ட வடிவம் வாய்த்த மாடுகளில் வைரஸ் புகுந்தாலும் பெருகாமல் அடங்கிக் கிடக்கிறது. அந்த வடிவம் ஒரே ஹோல்ஸ்டைன் மந்தையில் சில மாடுகளுக்கு உண்டு, பக்கத்தில் நிற்கும் மாட்டுக்கு இல்லை. சில சமயம் இனத்துக்கும் இனத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே இனத்தின் இரண்டு மாடுகளுக்கு இடையில் உள்ள வேறுபாடு பெரிது.

சித்தப்பாவின் ஜெர்சிக் கலப்பு பிழைத்தது. வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து நாக்கில் தடவினார். குப்பைமேனியும் வேப்பிலையும் மஞ்சளும் நல்லெண்ணெயில் காய்ச்சிப் புண்ணில் பூசினார். டாக்டர் காய்ச்சலுக்கும் புண் சீழ் பிடிக்காமல் இருக்கவும் ஊசி போட்டார். எது கேட்டது என்று யாரும் சொல்ல முடியாது. கட்டி உடைந்த இடங்களில் வட்ட வட்டமாகத் தழும்பு நின்றது, பால் பழைய அளவுக்கு வரவே இல்லை. கட்டி வராத இன்னொரு ஜெர்சிக் கலப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கட்டுத்தரையில் இருந்த இரண்டு கலப்பில் ஒன்றுக்குத்தான் வந்தது என்பதைச் சித்தப்பா இன்றுவரை பேச்சில் சேர்ப்பதில்லை.

அடுத்த வருஷம் தடுப்பூசி முகாமுக்கு நானும் கூடப் போயிருந்தேன். காங்கேயத்தையும் ஓட்டி வந்திருந்தார், அதுவே பெரிய முன்னேற்றம். கிடாரியின் முறை வந்தது. காதில் பன்னிரண்டு இலக்க மஞ்சள் வில்லையை அடித்துவிட்டு, டாக்டர் கையில் இருந்த செல்லைப் பார்த்தபடி கேட்டார்.

"இது என்ன இனம்னு போடட்டுங்க?"

"ஆத்தா காங்கேயமுங்க. அப்பன் சினை ஊசிங்க."

"எந்த ஊசி?"

"அது யாருக்குங்க தெரியும்? அன்னைக்கு வந்த தம்பி எதக் கொண்டாந்தாரோ அதுதான்."

டாக்டர் கிடாரியை ஒருமுறை பார்த்தார். காங்கேயத்தின் கறுத்த கண்மடல், ஜெர்சியின் தவிட்டு நிறம், திமில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு மேடு. செல்லில் கலப்பினம் என்று அழுத்திவிட்டு, அடுத்த மாட்டை ஓட்டி வரச் சொன்னார்.